நைன்-பாலில் பிரேக் ஷாட்: திறமையா, அடுக்கின் தயவா?

கேள்வி
நைன்-பால் என்பது மேசையில் எஞ்சிய பந்துகளில் மிகக் குறைந்த எண்ணுள்ளதை முதலில் தொட்டு ஆடும் ஒன்பது பந்து பூல் ஆட்டம். அதில் வென்றவரே அடுத்த ஆட்டத்திலும் பிரேக் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) செய்யும் முறை நியாயமானதுதானா? ஒருவர் பிரேக்கில் பந்தை விழவைத்து, மேசையைக் காலி செய்து, மீண்டும் தாமே பிரேக் செய்துகொண்டிருந்தால், தொடக்க லேக்கில் (முதல் பிரேக் யாருக்கு என முடிவுசெய்ய இருவரும் பந்தை எதிர்முனைக்கு அடித்துத் திரும்பவைக்கும் போட்டியில்) நூலிழையில் தோற்ற எதிராளி நாற்காலியை விட்டு எழவே வழியில்லை. பிரேக்கில் பந்து விழுவதை உண்மையில் திறமை என்று சொல்லலாமா?

மறுமொழி 1
பாதி அடுக்கின் தயவு என்பேன். அடுக்கின் முன்பந்தான ஒன்றாம் எண் பந்து அதற்கென மேசையில் குறித்த புள்ளியில் இருந்து, ஒன்பது பந்துகளும் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டிருந்தால், பக்கவாட்டு ஓரத்துப் பந்து பெரும்பாலும் மூலைப் பாக்கெட்டை நோக்கியே ஓடும். மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் பந்துகளை அடுக்கும் வழக்கம் வந்தபின் இது ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டது. அதனால்தான் சில போட்டிகளில் ஒன்பதாம் பந்தைப் புள்ளியில் வைத்து அடுக்கையே முன்னுக்குத் தள்ளுகிறார்கள். மெதுவாகத் தட்டி ஒரு பந்தை விழவைப்பதைத் தடுக்க, மூன்று பந்துகளாவது பாக்கெட்டில் விழவோ மேசையின் தலைக்கோட்டை (பிரேக் செய்பவர் பக்கத்துக் குறுக்குக் கோட்டை) கடக்கவோ வேண்டும் என்ற விதியும் சில போட்டிகளில் உண்டு. ஆடுபவரே தமக்கு அடுக்கிக்கொள்வது எனக்கு அறவே உடன்பாடில்லை. முன்பந்துக்குப் பின்னால் மயிரிழை இடைவெளி விட்டாலே பந்துகள் சிதறும் விதம் மாறிவிடும்.

மறுமொழி 2
பந்து விழுந்துவிட்டால் போதுமா? வெள்ளைப் பந்து ஒன்றாம் பந்தின் நடுவில் முழுமையாக மோதினால், சற்றே துள்ளிப் பின்வந்து மேசையின் மத்தியில் அடங்கும். சிறிது விலகினாலும் பக்கத்துக் குஷனில் (மேசை விளிம்பின் ரப்பர் தடுப்பில்) பட்டு எங்கோ ஓடும், பாக்கெட்டிலும் விழும். ஒரு பந்து விழுந்தும் ஒன்றாம் பந்து மறைந்து நின்றால், புஷ்-அவுட் அறிவித்து, அதாவது எந்தப் பந்தையும் தொடாமலும் வெள்ளைப் பந்தை நகர்த்திவிட்டு, அடுத்த அடி யாருடையது என்ற முடிவை எதிராளியிடம் விட வேண்டியிருக்கும். வெறும் வேகத்தை நம்புபவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். வெள்ளைப் பந்தை அடக்குவது முழுக்கத் திறமையே.

மறுமொழி 3
பிரேக்கின் சாதகம் விதிகளால் உருவாவது. ஸ்ட்ரெய்ட் பூலில் (எந்தப் பந்தையும் எந்த வரிசையிலும் விழவைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டத்தில்) லேக்கை வென்றவர் எதிராளியையே பிரேக் செய்யச் சொல்வார். ஏனெனில் அங்கே பந்தையும் பாக்கெட்டையும் முன்கூட்டியே அறிவித்து விழவைக்க வேண்டும், இல்லையேல் வெள்ளைப் பந்தும் வேறு இரண்டு பந்துகளும் குஷனைத் தொட வேண்டும், தவறினால் 2 புள்ளிகள் போய்விடும். நைன்-பாலுக்கு மாறி மாறி பிரேக் செய்வதே எனக்குப் பிடித்த முறை.

கேள்வி கேட்டவர்
அதிலும் ஒரு சிக்கல் உண்டே. முதலில் 9 ஆட்டங்களை வெல்பவருக்கே வெற்றி என்ற போட்டியில் 8-8 என்று சமநிலை வந்தால், 17-ஆவது ஆட்டத்தின் பிரேக் லேக்கை வென்றவருக்குத்தானே போகிறது?

மறுமொழி 3
ஆம், போகிறது. அந்தக் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் மறுபடி லேக் வைக்கலாம்.