மறு: 'உறக்க அழுத்தம்' வேண்டாம், 'உறக்க ஊறல்' எப்படி?

குழு நண்பர்களுக்கு வணக்கம். பாலூட்டிகளின் உறக்கம் பற்றி நான் எழுதும் கட்டுரையில், விழித்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் தூக்க உந்துதலுக்கு (sleep pressure) 'உறக்க அழுத்தம்' என்பதை விட்டு 'உறக்க ஊறல்' என்று போடலாமா எனக் கேட்டிருந்தேன். வந்த கேள்விகளுக்கு இது என் பதில்.

> 'உறக்க அழுத்தம்' ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே, அதில் ஏன் கை வைக்க வேண்டும்?

கோலாலம்பூர் ஐயா கேட்பது நியாயம்தான். என்னைத் தயங்க வைத்தவர் என் அக்கா. பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை வேலை, பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட். கட்டுரை வரைவை வாசித்துக் காட்டினேன். "விழித்திருக்க விழித்திருக்க உறக்க அழுத்தம் கூடும்" என்ற வரியில் நிறுத்தி, "தூங்காட்டி பிரஷர் ஏறும்னு சொல்றியா?" என்றார். இரத்த அழுத்தமும் மன அழுத்தமும் அந்தச் சொல்லை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. மூன்றாவதாக ஒன்றை அதன் தலையில் ஏற்றினால் யார் தலையில் எது என்று தெரியாது.

'தூக்கக் கடன்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் அது தூங்காமல் விட்ட பாக்கியைக் குறிக்கும். ஒழுங்காகத் தூங்கி எழுந்தவனுக்கும் இரவு பத்து மணிக்குக் கண் சொக்குகிறதே, அவன் யாரிடம் கடன் வாங்கினான்?

நமக்கு வேண்டியது, சூரிச்சில் உறக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்த இரு செயல்முறைக் கொள்கையின் (தூக்கத்தை இரண்டு விசைகள் சேர்ந்து நடத்துகின்றன என்பது) முதல் பாதிக்கு ஒரு பெயர். விழிப்பில் சேர்ந்து, உறக்கத்தில் குறைவது அது. மறுபாதி மூளையின் நாள் கடிகாரம். இரண்டும் வேறு என்பதற்கும் அக்காதான் சாட்சி. விடியற்காலை நாலு மணிக்குக் கோப்பி-ஓ குடித்தும் நிற்க முடியாதாம். ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறியதும் தெளிந்துவிடுமாம், வீட்டில் படுத்தாலும் நல்ல தூக்கம் பிடிக்காதாம். சேர்ந்தது குறையவில்லை. கடிகாரம் பகலுக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

சேர்வதைச் சொல்லத்தான் 'ஊறல்'. கிணற்றில் நீர் ஊறுவது போல. வினையாக்கிப் பாருங்கள்: ஊறும், ஊறிவிட்டது, ஊறும் வேகம். இந்தக் கடைசித் தொடருக்காகவே எனக்கு இந்தச் சொல் பிடித்தது. 2001-இல் பால் ஃபிராங்கனும் உடன் ஆய்வாளர்களும் பல வகை ஆய்வகச் சுண்டெலிகளை ஆறு மணி நேரம் தூங்கவிடாமல் வைத்து, பிறகு ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான மூளை அலைகளை அளந்தார்கள். எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு அந்த அலைகள்தான் அளவுகோல். ஊறும் வேகம் வகைக்கு வகை மாறியது. அதாவது, அது மரபணுவின் பிடியில் இருக்கிறது. இதையே "உறக்க அழுத்தத்தின் அதிகரிப்பு வீதம்" என்று எழுதிப் பாருங்கள், வாசகருக்கே தூக்கம் வந்துவிடும்.

'உறக்கத் தேவை' என்ற சொல்லை இதற்குச் செலவழிக்க வேண்டாம். அது வேறொன்றுக்கு வேண்டும். டெக்2 என்ற மரபணுவில் மாற்றம் கொண்ட ஒரு தாயும் மகளும் ஆறேகால் மணி நேரத் தூக்கத்தோடு தாமாகவே எழுந்துவிடுவது 2009-இல் வெளியான ஆய்வில் வந்தது. அவர்களுக்குத் தேவையே குறைவு. தேவை ஆளைப் பொறுத்தது, ஊறல் விழித்திருந்த நேரத்தைப் பொறுத்தது.

> தலைப்பில் 'பாலூட்டிகளில் பால் வேறுபாடு' என்று இருக்கிறது. ஆட்டுப்பாலா, மாட்டுப்பாலா?

சிரித்துவிட்டேன். முன்னோடி ஆய்வாளர் ஃபிராங்கனின் பெயரும் பால் என்பதால் மூன்றாகிவிட்டது! 'பாலினம்' என்று மாற்றவும் மனமில்லை. இப்போது அது சமூக அடையாளத்தைக் குறிக்கிறது, சுண்டெலிக்கு ஏது அது. 'ஆண்-பெண் வேறுபாடு' என்றே போட்டுவிடுகிறேன்.

இந்தப் பகுதியிலும் ஊறல் நன்றாக உட்காருகிறது. ஃபிராங்கன் குழு 2006-இல் என்பாஸ்2 மரபணு நீக்கிய சுண்டெலிகளை ஆராய்ந்தது. பெண் சுண்டெலிகளில் ஊறும் வேகம் குறைவு. தூங்கவிடாமல் வைத்த பின் ஈடுகட்டித் தூங்கும் நேரம், அந்த மரபணு இல்லாத ஆண் சுண்டெலிகளில் மட்டுமே தடுமாறியது. ஒரே மரபணுவின் குறை, ஆணில் ஒரு விதம், பெண்ணில் ஒரு விதம். இது ஹார்மோனின் வேலையா, எக்ஸ் ஒய் குரோமோசோம்களின் வேலையா என்பது தனி வழக்கு. இனப்பெருக்கச் சுரப்பிகளை நீக்கினால் சில வேறுபாடுகள் மறைகின்றன, சில நிற்கின்றன. மனிதரில் இன்னும் சிக்கல்: ஆழ்ந்த உறக்க அலைகள் பெண்களுக்கே பெரிதாகப் பதிவாகின்றன, தூக்கம் வரவில்லை என்போரிலும் பெண்களே அதிகம்.

> தமிழ்நாட்டில் 'ஊறல்' என்றால் கள்ளச்சாராய ஊறல். போலீஸ் அழிப்பது.

சென்னை நண்பரின் இந்த எதிர்ப்புதான் எனக்கு உறைத்தது. நம் தோட்டப்புறத்தில் அதற்குச் சம்சு என்ற பெயர் இருந்ததால் இந்த வாடை என் மூக்குக்கு எட்டவில்லை. 'சுரப்பு' என்று மாற்றினால் ஏதோ சுரப்பி சுரக்கிறது என்று நினைப்பார்கள். 'ஊற்று' என்றால் மூளையில் அது எந்த இடம் என்று தேடுவார்கள். 'ஊறு' என்றால் தீங்கு. ஆகவே 'உறக்க' என்ற அடையை எங்கும் விடாமல் 'உறக்க ஊறல்' என்றே எழுதுகிறேன்.

எதிர்ச்சொல்லாக 'வடிதல்' போட்டிருக்கிறேன். 'இறைத்தல்' இன்னும் பொருத்தம், ஆனால் இறைப்பது யார் என்ற கேள்வி வரும். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால், வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்புமுன் எழுதுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து