வீட்டில் சொல்லித்தராத ஆண்-பெண் வேறுபாடு குழந்தையின் மனத்தில் எப்படி நுழைகிறது?

கேள்வி:
எங்கள் மகனுக்கு நான்கு வயது. வீட்டு வேலைகள் அனைத்தையும் நானும் கணவரும் பகிர்ந்தே செய்கிறோம். 'இது ஆண் வேலை, அது பெண் வேலை' என்று நாங்கள் இருவரும் சொன்னதே இல்லை. ஆனாலும், பொம்மைக்குச் சட்டை அணிவித்துக்கொண்டிருந்த மற்றொரு சிறுவனிடம், "இது பெண்பிள்ளைகள் விளையாட்டு, உனக்கு இல்லை" என்று அவன் கண்டிப்புடன் கூறினான். இந்தக் கண்டிப்பு அவனுக்கு எங்கிருந்து வந்தது?

மறுமொழி 1:
அந்தக் கண்டிப்புக்கு அவனுடைய வயதே ஒரு காரணம். இரண்டு, மூன்று வயதிலேயே குழந்தைகள் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ அடையாளப்படுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்த அடையாளம் உடையாலோ விளையாட்டாலோ மாறிவிடாது என்பது பலருக்கு ஆறு, ஏழு வயதில்தான் உறுதிப்படுகிறது என்று உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1966-இல் விளக்கினார். இடைப்பட்ட காலத்தில், யார் எதைச் செய்கிறார்கள் என்று கவனித்துத் தாமாகவே விதிகளை வகுத்துக்கொண்டு, புதிதாகச் சட்டம் படித்தவரைப்போல அவற்றை எல்லோர் மீதும் செலுத்துகிறார்கள். பின்னர் இந்த இறுக்கம் பெரும்பாலும் தளர்கிறது.

மறுமொழி 2:
மேலே கூறப்பட்டது சரியே. ஆனால் 'சொன்னதே இல்லை' என்பதை மட்டும் நான் அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், பெட்டியிலிருந்து திடீரெனத் துள்ளியெழும் பொம்மையைக் கண்டு அழும் ஒரு குழந்தையின் படம் காட்டப்பட்டது. அது ஆண் குழந்தை என்று கூறப்பட்டவர்கள் அந்த அழுகையைக் கோபம் என்றும், பெண் குழந்தை என்று கூறப்பட்டவர்கள் அச்சம் என்றும் கருத முற்பட்டனர். 2000-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பதினொரு மாதக் குழந்தைகள் எவ்வளவு சரிவான பலகையில் தவழ்ந்து இறங்குவார்கள் என்று தாய்மார்களிடம் கேட்கப்பட்டது. குழந்தைகளின் திறமையில் வேறுபாடு எதுவும் இல்லாதபோதும், மகன்களின் திறமையை மிகையாகவும் மகள்களின் திறமையைக் குறைவாகவும் தாய்மார்கள் மதிப்பிட்டனர். ஒரு குழந்தை விழுந்ததும் ஓடிச்சென்று தூக்குவதா, தானே எழட்டும் என்று காத்திருப்பதா என்பதை இத்தகைய மதிப்பீடும் தீர்மானிக்கக்கூடும். அங்கே வாய்ச்சொல்லுக்கு இடமே இல்லை.

மறுமொழி 3:
எல்லாப் பழியையும் பெற்றோர் மீது சுமத்துவது நியாயமன்று. 172 ஆய்வுகளைத் தொகுத்து 1991-இல் வெளியிடப்பட்ட ஒரு மதிப்பாய்வு, பெரும்பாலான கூறுகளில் பெற்றோர் மகனையும் மகளையும் நடத்தும் விதத்தில் மிகச் சிறிய வேறுபாடே இருப்பதாகக் கண்டது. அவரவர் பாலினத்துக்கு ஏற்றவை எனக் கருதப்படும் விளையாட்டுகளையும் செயல்களையும் ஊக்குவிப்பதில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. கருவிலேயே ஆண் இயக்குநீர் (ஹார்மோன்) மிகையாகச் சுரக்கும் பிறவி நிலையுள்ள சிறுமிகள் வண்டி, கட்டுமானப் பொம்மைகள் ஆகியவற்றை அதிகம் நாடுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே விருப்பத்தில் உடலியலுக்கும் பங்குண்டு. ஆனால் 'உனக்கு இல்லை' என்று தடுக்கும் விதியை உடலியல் கற்பிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
இயல்பான விருப்பம் வேறு, பிறரைத் தடுக்கும் விதி வேறு என்பது புரிகிறது. அப்படியானால் அந்த விதி மழலையர் பள்ளியிலிருந்து வந்திருக்குமா? அங்கேயும் ஆசிரியர்கள் பாகுபாடாகப் பேசிக் கேட்டதில்லை.

மறுமொழி 2:
வந்திருக்கலாம், அதற்குப் பாகுபாடான பேச்சுகூடத் தேவையில்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், சில மழலையர் வகுப்புகளில் ஆசிரியர்கள் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் தனித்தனி வரிசையில் நிறுத்துவது, தனித்தனியாக விளித்து அழைப்பது போன்றவற்றை மட்டுமே செய்தார்கள். எந்தப் பாலினத்துக்கு எது உகந்தது என்று அவர்கள் எதுவும் கூறவில்லை. இருந்தும், இரண்டே வாரங்களில் அக்குழந்தைகளிடம் பால்சார்ந்த முன்முடிவுகள் கூடின; எதிர்பாலினருடன் சேர்ந்து விளையாடுவதும் குறைந்தது. பெரியவர்கள் இவ்வளவு முறை பிரித்துக் காட்டுகிறார்கள் என்றால் அதற்குப் பெரிய பொருள் இருக்க வேண்டும் என்று குழந்தை முடிவுகட்டிவிடுகிறது. வகுப்பில் வரிசையை எப்படி அமைக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். மகன் அப்படிப் பேசும்போது கடிந்துகொள்ள வேண்டாம். சிரித்து மழுப்பவும் வேண்டாம். "அவனுக்குப் பிடித்திருக்கிறது, அதனால் விளையாடுகிறான்" என்று அந்தச் சிறுவனைப் பற்றி மட்டும் பேசுங்கள்.