மறுமொழி: ‘எரியூட்டல்’ வேண்டாம், ‘வானூட்டல்’ ஆகுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பறக்கும் விமானத்துக்கு இன்னொரு விமானம் நடுவானிலேயே எரிபொருள் கொடுப்பதை ஆங்கிலத்தில் aerial refueling என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை நீண்டுவிட்டதால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். மேற்கோள் குறி போட்டவை உங்கள் வரிகள்.

> ‘வான்வழி எரிபொருள் மீள்நிரப்பல்’ என்றே வைத்துவிடலாம். பொருள் முழுதும் வந்துவிடுகிறது.

பொருள் வருகிறது ஐயா, வாய்க்குள்தான் நுழையவில்லை. அந்த ‘மீள்’ எதற்கு? பெட்ரோல் பங்கில் ‘இருநூறுக்குப் போடுங்க’ என்கிறோம், லாரிக்காரர் ‘டீசல் அடிக்கணும்’ என்கிறார். ‘மறுபடியும்’ என்று யாரும் சேர்ப்பதில்லை. ஆங்கிலத்தில் முன்னொட்டு இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றைச் சுமக்க வேண்டாம். ‘வான்வழி’யிலும் எனக்குத் தயக்கம் உண்டு. வான்வழிப் பயணம், வான்வழித் தாக்குதல் என்னும்போது வானம் பாதை. இங்கே வானம் வேலை நடக்கும் இடம். செய்தித்தாள்கள் எழுதும் ‘நடுவானில்’ இதைவிடச் சரி.

> அப்படியானால் ‘எரியூட்டல்’. சின்னச் சொல், தனித்தமிழ்.

இதை மட்டும் வேண்டவே வேண்டாம், தோழர். நானே விழுந்த பள்ளம் இது. 2020 ஜூலையில் முதல் ஐந்து ரஃபேல் போர்விமானங்கள் பிரான்சிலிருந்து அம்பாலா விமானப்படைத் தளத்துக்கு வந்தபோது, வழியில் 30,000 அடி உயரத்தில் பிரெஞ்சு டேங்கர் விமானத்திடம் எரிபொருள் வாங்கின. அதைப் பற்றி ஓர் இதழுக்கு மொழிபெயர்த்த கட்டுரையில் ‘ரஃபேல்களுக்கு நடுவானில் எரியூட்டப்பட்டது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், அஞ்சும் எரிஞ்சு போச்சா?” மயானச் செய்தி எழுதும் சொல்லை வானத்துக்குக் கொண்டுபோனால் அப்படித்தான் படிப்பார்கள்.

ஆனால் அந்தத் தவறிலும் பாதி சரி. ‘எரி’தான் கெடுத்தது, ‘ஊட்டு’ கெடுக்கவில்லை. அதனால்தான் ‘வானூட்டல்’ என்கிறேன். வினை ‘வானூட்டு’, கொடுக்கும் விமானம் ‘வானூட்டி’. வாங்குவதற்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் ‘பெறுவிமானம்’.

> ‘பாலூட்டி’ பாலை ஊட்டுகிறது. ‘வானூட்டி’ வானத்தையா ஊட்டும்?

நல்ல கேள்வி அம்மா. பாலூட்டியில் விரிவது இரண்டாம் வேற்றுமை, வானூட்டியில் ஏழாம் வேற்றுமை: வானில் ஊட்டுவது. ‘வானொலி’ என்றதும் வானம் போடும் சத்தம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே. எதை ஊட்டுகிறது என்பது சொல்லில் இல்லை என்பது உண்மைதான். விமானத்துக்கு நடுவானில் வேறென்ன ஊட்டப்போகிறார்கள்?

> குழாயை நீட்டி வைப்பதோடு டேங்கரின் வேலை முடிந்தது. தேடிப் போய் மாட்டிக்கொள்வது போர்விமானம். இது எப்படி ஊட்டலாகும்? தட்டில் போட்டு வைத்தால் பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடுகிற கதை அல்லவா?

இந்த இழையின் மிகக் கூர்மையான மறுப்பு இது. பதில் சொல்ல, நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

டேங்கர் ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில் போகிறது. இறக்கைக்கு அடியில் உள்ள உருளையிலிருந்து நீளமான குழாய் பின்னால் இறங்குகிறது. அதன் நுனியில் பெரிய இறகுப்பந்து மாதிரி ஒரு கூம்பு. அது காற்றைப் பிடித்துக்கொண்டு குழாயை நேராக நிறுத்துகிறது. விமானிகளே கூடை என்கிறார்கள், நாமும் ‘கூடை’ என்போம். போர்விமானத்தின் மூக்கருகே ஒரு குழல் துருத்திக்கொண்டிருக்கும். சுகோய்-30இல் அது மடங்கி உள்ளே போய்விடும், தேஜஸில் வெளியே நிலையாகவே நிற்கும். அந்தக் குழலைக் கூடைக்குள் செருக வேண்டும். இரண்டும் மணிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனாலும், ஒன்றை ஒன்று நெருங்கும் வேகம் ஓர் ஆள் விரசாக நடக்கிற அளவுதான். அதைவிட மெதுவாகப் போனால் பிடிப்பு விழாது. வேகமாகப் போனால் குழாய் தொய்ந்து சாட்டைபோல் சுழன்று அடிக்கும். கிட்டப் போகும்போது மூக்கு தள்ளும் காற்றே கூடையை ஒதுக்கிவிடும். கூடையையே முறைத்துப் பார்க்காதே, டேங்கரைப் பார்த்து ஓட்டு என்றுதான் புது விமானிக்குச் சொல்லித்தருகிறார்கள்.

இதுவரை உங்கள் கட்சிதான் ஜெயிக்கிறது. ஆனால் மாட்டியதும் எதுவும் வந்துவிடாது. விமானம் இன்னும் கொஞ்சம் முன்னேறி, குழாய் உருளைக்குள் சிறிது சுருண்ட பிறகே டேங்கரின் பக்கத்தில் வால்வு திறக்கும். பம்ப் டேங்கருடையது, அளவும் நிறுத்தமும் அவர்கள் கையில். போர்விமானம் எதையும் உறிஞ்சுவதில்லை. அதனால்தான் அதன் மூக்கருகே உள்ள குழலுக்கு வந்த ‘உறிஞ்சுகுழல்’ என்ற பரிந்துரையையும் ஏற்க முடியவில்லை, ‘ஏற்புக்குழல்’ போதும். குஞ்சு அலகை நீட்டித்தான் வாங்குகிறது, ஆனாலும் தாய்ப்பறவை ஊட்டுகிறது என்றுதானே சொல்கிறோம்?

தேஜஸ் இதை 2018 செப்டம்பர் 10 அன்று முதன்முதலில் முழுதாகச் செய்தது: 20,000 அடியில் ஐ.எல்-78 டேங்கர் விமானத்திடமிருந்து 1,900 கிலோ எரிபொருள். அதற்குச் சில நாள் முன்பு, எரிபொருள் ஓடாமல் மாட்டிக் கழற்றி மட்டும் பழகினார்கள். அதற்கு ‘வெறுந்தொடுப்பு’ என்று ஒரு சொல் கைவசம் வைத்திருக்கிறேன்.

> ஈழத்தில் ‘எரிபொருள் தாங்கி’ என்போம். ‘தாங்கி விமானம்’ சரிவராதா?

அங்கே பழகிய சொல் என்று தெரியும் அண்ணா. ஆனால் ‘விமானந்தாங்கி’ கப்பல்; அதைத் திருப்பிப் போட்ட ‘தாங்கி விமானம்’ டேங்கர் என்றால் அவசரமாகப் படிப்பவர் தடுமாறுவார். போதாக்குறைக்கு உங்கள் பக்கம் போர் டாங்கியும் ‘யுத்தத் தாங்கி’ என்ற பெயரில் தரையில் ஓடுகிறது. சாலையில் ஓடும் டேங்கரைப் ‘பவுசர்’ என்பீர்களே, உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்த சொல். ‘வான் பவுசர்’ என்று வைத்தால் தமிழகத்தில் ஒருவருக்கும் புரியாது, அவ்வளவுதான் குறை.

இன்னொன்று: டேங்கர் என்பது விமானத்தின் இனமாக இருக்கலாம், கொடுப்பதும் வாங்குவதும் அந்த நேரத்துப் பாத்திரங்கள்தான். 1982 ஃபாக்லாந்துப் போரில், அட்லாண்டிக்கின் நடுவிலுள்ள அசென்ஷன் தீவிலிருந்து ஃபாக்லாந்தின் ஸ்டான்லி ஓடுதளத்தைத் தாக்க ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தை அனுப்பிவைக்க, பிரிட்டன் பதினொரு விக்டர் டேங்கர்களைக் கிளப்பியது. போகும் வழியில் விக்டருக்கு விக்டரே ஊட்டியது. ஊட்டி முடித்தது திரும்பியது, வாங்கியது மேலே போனது. ‘வானூட்டிக்கு வானூட்டியது’ என்று எழுத முடிகிறதா இல்லையா? ‘தாங்கி’யை வைத்து அந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்.

தொடக்கத்தில் இது ஊட்டுவதுகூட இல்லை, ஊற்றுவது. 1923 ஜூன் 27 அன்று சான் டியேகோவுக்கு மேலே இரண்டு டி.ஹெச்-4பி விமானங்கள். மேலே பறந்தது குழாயைத் தொங்கவிட, கீழே பறந்ததில் பின் இருக்கையில் இருந்தவர் கையால் எட்டிப் பிடித்து வாங்கினார். பெட்ரோல் தன் எடையில் இறங்கியது. கூடையும் ஏற்புக்குழலும் ஆலன் காபமின் பிரிட்டிஷ் நிறுவனம் கொண்டுவந்தவை. 1949 ஆகஸ்டில் ஒரு மீட்டியார் ஜெட் பத்து முறை வாங்கி 12 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் பறந்து காட்டியது.

கடைசியாக, அமெரிக்க விமானப்படையின் முறை. இதற்குத்தான் இன்னும் சொல் இல்லை. கூடை கிடையாது, டேங்கரின் வால் அடியிலிருந்து விறைப்பான, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீளும் குழாய் ஒன்று கீழிறங்கும், அதற்குச் சின்ன இறக்கைகளும் உண்டு. கே.சி-135 டேங்கரில் ஓர் ஆள் குப்புறப் படுத்து, சன்னல் வழியே பார்த்தபடி அந்தக் குழாயை ஓட்டி, பின்னால் வரும் விமானத்தின் முதுகிலோ மூக்கின் மேலோ உள்ள வாயில் செருகுவார். வாங்குபவர் ஆடாமல் நின்றால் போதும். நிறைய எரிபொருள் வேகமாகப் போகும். பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்கு இது தேவைப்பட்டது. தட்டில் போட்டு வைப்பது என்ற மறுப்பு இங்கே எடுபடாது. வாயிலேயே வைக்கிறார்கள்.

‘தூண்டில்’, ‘கொம்பு’, ‘நீள்குழல்’ மூன்றும் இந்தக் குழாய்க்குப் பரிந்துரைகளாக வந்தன. தூண்டில் பிடித்து இழுப்பது, கொம்பு முட்டுவது. நீள்குழலில் தவறில்லை, ஆனால் கூடையோடு வரும் குழாயும் நீளம்தானே? எனக்குத் தோன்றுவது கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தின் ‘துலா’. ஒரு முனையில் கீல்போல் ஆடி, மறுமுனை கீழே போய்வரும் விறைப்பான தடி, அதை ஆட்டுவிக்க ஓர் ஆள். ‘துலாக்குழாய்’ என்றால் படம் கண்ணுக்கு வருகிறது. ஏற்றத்தில் நடுவில் ஆடும், இங்கே ஓரத்தில் ஆடுகிறது என்று பொறியாளர் நண்பர்கள் பிடித்துக்கொள்வார்கள், தெரிந்துதான் முன்வைக்கிறேன்.

ஈழத்து அண்ணாவிடம் ஒரு கேள்வி. துலா, ஆடுகால், துலாக்கொடி என்று உங்கள் கிணற்றடிச் சொற்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. துலா மிதிக்கிறவருக்குத் தனியாக ஒரு பெயர் உண்டா? இருந்தால் கே.சி-135இன் வாலில் குப்புறப் படுத்திருப்பவருக்கு வேறு பெயர் தேட வேண்டாம்.

அன்புடன்.