மஞ்சள் புள்ளியை வால்வில் வைத்தால் பேலன்ஸ் வந்துவிடுமா?

கம்பிச்சக்கரம் | ஞாயிறு, இரவு 9.12

போன வாரம் இங்கே ஒரு தம்பி, தாத்தா விட்டுப்போன ஹோண்டா சி70 கப் மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்வதாக எழுதி, புது டயர் மாட்டுவது எப்படி என்று கேட்டிருந்தார். அதற்கு ஈசூன்ரைடர் சொன்ன பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. "டயரில் மஞ்சள் புள்ளி இருக்கும், அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டு, வேலை முடிந்தது, பேலன்ஸ் பார்க்கவே வேண்டாம்" என்கிறார்.

மஞ்சள் புள்ளி என்பது டயரில் எடை குறைந்த இடம். அது டயரைப் பற்றிய செய்தி, அவ்வளவுதான். ரிம்மில் எந்த இடம் கனம் என்று அந்தப் புள்ளிக்கு எப்படித் தெரியும்? பழைய இரும்பு ரிம்மைத் திருப்பிப் பாருங்கள். வளைத்துப் பற்றவைத்த இணைப்பு பெரும்பாலும் வால்வு ஓட்டைக்கு நேர் எதிரே இருக்கும். கனம் அங்கே இருக்கிறது. டயரின் லேசான பக்கத்தை வால்வில் கொண்டுபோய் வைத்தால் எதிர்ப்பக்கம் இன்னும் கனம் கூடாதா? இதுவரை ஏழு கப் ரிம்மை ஆக்சிலில் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறேன், கனமான பக்கம் கீழே வரும். ஐந்தில் இணைப்புதான் கீழே வந்து நின்றது.

தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லலாம். வேலை பழகுகிற பிள்ளைக்குத் தப்பான பாடம் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

ஈசூன்ரைடர் | ஞாயிறு, இரவு 9.40

எனக்காகத் தனியாக ஒரு திரியே திறந்துவிட்டீர்கள், நன்றி அண்ணே. ஒரே ஒரு கேள்வி. அந்த ஏழு ரிம்மையும் டியூப் போட்டுத் தொங்கவிட்டீர்களா, போடாமல் தொங்கவிட்டீர்களா?

வெறும் ரிம்மில் வால்வு இருக்கும் இடம் ஓட்டை. ஓட்டை லேசாகத்தான் இருக்கும். டியூப் போட்டதும் பித்தளை வால்வு, நட்டு, மூடி எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். கிழிந்த டியூப்பிலிருந்து வால்வை அறுத்து அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்தேன், நட்டோடு சேர்த்து 22 கிராம் காட்டியது. அந்தக் கனத்துக்கு ஈடாகத்தான் லேசான இடத்தை வால்வுப் பக்கம் வைக்கச் சொல்கிறார்கள். டயர் செய்கிறவர்கள் சொல்வது இது. நான் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்ததில்லை.

கம்பிச்சக்கரம் | ஞாயிறு, இரவு 10.05

தராசில் வால்வை நிறுத்தவரே, ரிம் இணைப்பை நிறுத்தீர்களா? அதை அறுத்தெடுக்க முடியாது. அதனால்தான் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன். நான் பிடோக் பக்கம் ஒரு பட்டறையில் கம்பி கட்டப் பழகியபோது உங்களில் பாதிப் பேர் பிறந்திருக்க மாட்டீர்கள். சக்கரத்துக்கு 36 கம்பி. ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, சத்தம் கேட்டுத்தான் இறுக்குவோம். தளர்ந்த கம்பி சொத்தென்று சொல்லும், இறுகியது டிங்கென்று சொல்லும். அப்படிப் பழகிய கை இது. ஐந்து ரிம்மில் இணைப்பு கீழே வந்தது. அதைச் சொல்கிறேன்.

ஈசூன்ரைடர் | ஞாயிறு, இரவு 10.09

டியூப் போட்டா, போடாமலா?

ஜோகூர்வாசி | திங்கள், காலை 7.31

எதற்கு இந்தப் பாடு? பாலம் தாண்டி ஜோகூர் போனால் டயர், டியூப், கூலி எல்லாம் சேர்த்தே இங்கே கூலிக்குக் கேட்கிற வெள்ளியில் முடிந்துவிடும். கொடுத்துவிட்டு ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் சக்கரம் கைக்கு வரும். எனக்கும் புள்ளியை வால்வில் வைத்துத்தான் மாட்டிக் கொடுத்தார்கள். ஆனாலும் 60-இல் ஹேண்டில் ஆடியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கம்பிச்சக்கரம் | திங்கள், காலை 7.50

பார்த்தீர்களா? புள்ளியை வைத்தும் ஆடியிருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கோப்பிஓகொசோங் | திங்கள், காலை 8.15

ஐயா, கொஞ்சம் பொறுங்கள். ஆட்டத்தில் மூன்று வகை உண்டு. ஒன்று, ஒரு பக்கம் எடை கூடியதால் வருவது. இரண்டு, ரிம் பக்கவாட்டில் கோணியிருப்பது. மூன்று, ரிம் வட்டம் கெட்டு முட்டை மாதிரி தூக்கித் தூக்கிப் போடுவது. பின்னவை இரண்டும் கம்பிக் கோளாறு, புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஹோண்டாவின் கையேட்டில் இரண்டுக்கும் வரம்பு 2 மில்லிமீட்டர். ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் நுனி ரிம்மைத் தொடுகிற மாதிரி வெட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் எந்த இடம் உரசுகிறது என்று கண்ணுக்கே தெரியும். முதலில் நாம் எதைப் பேலன்ஸ் என்கிறோம் என்று முடிவுசெய்துகொண்டு பேசலாமே?

ஈசூன்ரைடர் | திங்கள், காலை 8.22

ஜோகூர்வாசியின் பைக் ஆடியதற்குப் புள்ளி என்ன செய்யும்? புள்ளி வால்வில் இருந்தது சரிதான். மாட்டியவர் வேறு எதையோ கெடுத்திருப்பார்.

ஜோகூர்வாசி | திங்கள், காலை 8.30

பதினைந்து வருடமாக எனக்கு வேலை செய்கிறவர் அவர். பார்க்காமல் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

ஐந்தாம்மாடி | திங்கள், மதியம் 1.04

நீங்கள் எல்லாரும் "வீட்டிலேயே, வீட்டிலேயே" என்கிறீர்கள். யார் வீட்டில்? என் பக்கத்து வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் ரிம்மும் செயினும் பரப்பி வைத்திருந்தார். இரவில் மாமியாரின் சக்கர நாற்காலி போக இடமில்லை. வெளியேறும் வழியில் 1.2 மீட்டர் தடையில்லாமல் விட வேண்டும் என்று குடிமைத் தற்காப்புப் படை சொல்கிறது. துருவைத் தேய்த்த தூள் எங்கள் வாசல் கோலம் வரைக்கும் வந்தது. வீவக அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு பட்டறை நடத்த ஆசைப்பட்டால் பட்டறைகள் இருக்கிற காக்கி புக்கிட்டில் இடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பிச்சக்கரம் | திங்கள், மதியம் 1.26

அம்மா, நான் தாழ்வாரத்தில் வேலை செய்ததே கிடையாது. பழைய தமிழ் முரசைத் தரையில் விரித்துக் கூடத்திலேயே செய்வேன், பெட்ரோல் டேங்கை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் செய்தது தப்புதான். அதற்காக வீட்டில் வேலை செய்கிற எல்லாரையும் ஒரே கோலால் அடிக்காதீர்கள். கையால் ஒரு சக்கரத்தைக் கட்டி நிமிர்த்திப் பார்த்தவனுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வண்டிகளுக்கு நாள் எண்ணப்படுகிறது. சிங்கப்பூரில் 2003 ஜூலை 1-க்கு முன்பு பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓடக்கூடாது. 35 வருடம் தாண்டியதைப் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் மாற்றிக்கொண்டால் வருடத்தில் சில நாள் மட்டும் ஓட்டலாம். எஞ்சியிருக்கும் கப் சிலதான். இருக்கிற ரிம்மைப் புள்ளி பார்த்து மாட்டிக் கெடுக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஈசூன்ரைடர் | திங்கள், மதியம் 1.33

புள்ளி பார்த்து மாட்டினால் ரிம் எப்படிக் கெடும்? புரியும்படி சொல்லுங்கள். நம் எல்லாருக்கும் கப்பின் மீது பாசம் உண்டு. பாசத்தைக் காட்டிக் கேள்வியிலிருந்து தப்பிக்க வேண்டாம். டியூப் போட்டா, போடாமலா?

கம்பிச்சக்கரம் | திங்கள், மதியம் 1.41

தப்பிப்பதைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? தீபாவளிக்கு முன்பு தேக்கா கோப்பிக்கடையில் வைத்து சக்கரக் கம்பி இறுக்கும் என் நிப்பிள் ஸ்பேனரை வாங்கிப்போனவர் யார்? இரண்டு நாளில் தருகிறேன் என்றீர்கள். பொங்கலும் போய்விட்டது.

ஈசூன்ரைடர் | திங்கள், மதியம் 1.44

அதைத் தருவதற்கு இரண்டு தடவை கூப்பிட்டேன். நீங்கள்தான் போன் எடுக்கவில்லை. பொது இடத்தில் இப்படி எழுதுவது நன்றாக இல்லை அண்ணே.

மணல்தாள் | திங்கள், மாலை 6.20

ஸ்பேனரைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பிக்கு உபயோகமாக ஏதாவது சொல்வோம். கம்பி கட்டி முடித்ததும் நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியை அரத்தால் ராவிவிடு தம்பி, இல்லாவிட்டால் டியூப்பைக் குத்தும். ரிம் பட்டியைப் புதிதாகப் போடு. டியூப்பில் முகப்பவுடர் தடவு. கொஞ்சம் காற்று ஊதி, டியூப் உருண்டை பிடித்த பிறகு உள்ளே வை, மடிப்பு விழாது. டயர் விளிம்புக்குச் சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் வேண்டாம். கடைசி இழுப்பை வால்வுப் பக்கம் முடி. அந்த நேரத்தில் எதிர்ப்பக்க விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும், முழங்காலால் அழுத்திக்கொள். அது இறங்காமல் லீவரை நெம்பினால் டியூப் கடிபடும். டயரில் சுழலும் திசை அம்புக்குறியும், செய்த வாரமும் வருடமும் காட்டும் நாலு எண்ணும் இருக்கும், வாங்கும்போதே பார்.

வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காதே. மேலே மூடி வரைக்கும் ஏற்றிவிடு.

ஈசூன்ரைடர் | திங்கள், மாலை 6.38

நட்டை இறுக்காமல் விட்டால் வால்வு உள்ளே புகுந்துவிடும். இறுக்கத்தான் வேண்டும்.

மணல்தாள் | திங்கள், மாலை 6.45

காற்று குறைந்தால் டயர் ரிம்மில் வழுக்கும், டியூப்பும் சேர்ந்து நகரும். நட்டை இறுக்கியிருந்தால் வால்வு அடியோடு பிய்ந்து வரும். மேலே ஏற்றியிருந்தால் வால்வு சாய்ந்து நிற்பது கண்ணில் படும், காற்றை இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் எனக்கு இப்படிப் பிய்ந்தது. பின்னால் இருந்த அத்தனை பேரும் ஹாரன் அடிக்க, நான் தள்ளிக்கொண்டே போனேன். அன்றைக்குப் பழகியது.

கம்பிச்சக்கரம் | திங்கள், மாலை 7.02

மணல்தாள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பார்த்தீர்களா, நட்டு விஷயமும் ஈசூன்ரைடருக்குத் தெரியவில்லை. நட்டு தெரியாதவர் புள்ளியைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

மணல்தாள் | திங்கள், மாலை 7.10

அண்ணே, நான் உங்கள் பக்கம் பேசவில்லை. நானும் புள்ளியை வால்வில்தான் வைக்கிறேன்.

கம்பிச்சக்கரம் | திங்கள், மாலை 7.15

அப்படியானால் நீங்களும் தப்பு. ஐந்து ரிம்மில் இணைப்பு கீழே வந்தது.

செகப்புகப் | செவ்வாய், இரவு 11.20

அண்ணன்மார்களே, போன வாரம் கேட்டது நான்தான். முன்சக்கரத்தை இன்று முடித்தேன். முதல் டியூப்பை லீவர் கடித்துவிட்டது, காற்று அடித்ததும் உஸ்ஸென்று போனது. மணல்தாள் அண்ணன் சொன்ன மாதிரி முழங்காலால் அழுத்தி இரண்டாவது டியூப்பை மாட்டினேன், நின்றது. வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் துரு தேய்க்கும்போது தாத்தா அடித்த வெள்ளிப் பெயிண்ட் ஒரு சொட்டு அப்படியே இருந்தது. அதை மட்டும் தேய்க்காமல் விட்டுவிட்டேன்.

புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தேன். பிரேக் தட்டைக் கழற்றிவிட்டு, ஆக்சிலை இரண்டு நாற்காலிக்கு நடுவே வைத்துச் சுற்றினேன். நாலு தடவையும் வால்வு பக்கவாட்டில் வந்து நின்றது. கடிகாரத்தில் மூன்று மணி முள் மாதிரி. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இதற்கு என்ன அர்த்தம்?

ஈசூன்ரைடர் | செவ்வாய், இரவு 11.24

இணைப்பு கீழே வரவில்லை என்று அர்த்தம் தம்பி. இத்தனை நாள் சொன்ன கதை பொய்யாகிவிட்டது.

கம்பிச்சக்கரம் | செவ்வாய், இரவு 11.31

புள்ளியை வால்வில் வைத்தும் சக்கரம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது என்று அர்த்தம் தம்பி. பேலன்ஸ் ஆகியிருந்தால் நிறுத்திய இடத்திலெல்லாம் நிற்க வேண்டும். பேலன்ஸ் பார்க்கவே வேண்டாம் என்றாரே, அவரிடம் கேள்.

கோப்பிஓகொசோங் | செவ்வாய், இரவு 11.40

தம்பி, கனம் ஆறு மணிப் பக்கம் இருக்கிறது. எதிரே பன்னிரண்டு மணிப் பக்கத்துக் கம்பியில் ஈயத் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பார். அதற்கு முன் பேரிங் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள். நான் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

செகப்புகப் | செவ்வாய், இரவு 11.46

பேரிங் புதிது அண்ணே. புள்ளியை அப்படியே வைக்கட்டுமா, கழற்றி மாற்றட்டுமா?

ஈசூன்ரைடர் | செவ்வாய், இரவு 11.47

அப்படியே வை.

கம்பிச்சக்கரம் | செவ்வாய், இரவு 11.47

கழற்று. இணைப்புக்கு நேராகத் திருப்பு.

ஐந்தாம்மாடி | செவ்வாய், இரவு 11.52

இரவு பன்னிரண்டு மணிக்குச் சுத்தியல் சத்தம் கேட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியும்.

கம்பிச்சக்கரம் | புதன், காலை 6.58

சனிக்கிழமை தெம்பனிஸில் ஒருவர் கப் பின்சக்கரம் தருகிறார். எட்டாவது ரிம். தொங்கவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறேன், எல்லாரும் பாருங்கள். ஈசூன்ரைடர், வரும்போது ஸ்பேனரைக் கொண்டுவாருங்கள்.

ஈசூன்ரைடர் | புதன், காலை 7.03

கொண்டுவருகிறேன். டியூப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

கம்பிச்சக்கரம் | புதன், காலை 7.05

எப்படித் தொங்கவிடுவது என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.