பிள்ளையை முதல் தடவை தூண்டிலுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, என்ன நடந்தது?

கரையோரம்:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. அதான் எழுதறேன். பொண்ணுக்கு அப்போ 5 வயசு. விடியக்காலம், தண்ணி ஏற ஆரம்பிச்ச நேரம், பாறை இல்லாத நல்ல மணல். ஒரு மணி நேரமா ராட் நுனி அசையவே இல்லை. அவ ராடைப் போட்டுட்டு நண்டு வளை தோண்டப் போயிட்டா. அந்த நேரம் பார்த்து அவ தங்கூஸ் (தூண்டில் நரம்பு) இழுக்குது. ராடை எடுத்து வெடுக்குன்னு ஒரு இழுப்பு இழுத்து, தூண்டில் முள் நல்லா ஏறிடுச்சுன்னு தெரிஞ்சதும் பழையபடி மணல்ல வெச்சுட்டு, "ஓடி வா, உன் தூண்டில்ல மாட்டியிருக்கு!"ன்னு கத்தினேன். வந்தா, சுத்தினா, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிழங்கான். போட்டோ எல்லாம் எடுத்தாச்சு.

ராத்திரி போன்ல பாட்டிகிட்ட சொல்றா: "அப்பா ஒரு மீன் பிடிச்சாரு பாட்டி. நான் தூக்கிட்டு நின்னேன்."

கோவமெல்லாம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னா, அவ்ளோதான். நான் ராடைத் திரும்ப வெச்ச இடம் மாறியிருந்துச்சோ என்னவோ. நானும் கேட்கலை.

ரெண்டு வாளி:
எங்க வீட்ல கெளுத்தி. பையனுக்கு 6 வயசு. நான் அடுத்த இரையைக் கோத்துட்டு இருந்தேன், பிடிச்ச கெளுத்தி மணல்ல அசையாம கிடந்துச்சு. "மீசை வெச்சிருக்கும்மா"ன்னு சொல்லிக்கிட்டே பூனையைத் தடவற மாதிரி முதுகைத் தடவிட்டான். முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு முள்ளு இருக்கும்னு எனக்குத் தெரியும். அவனுக்கு யார் சொன்னா? நான்தானே சொல்லியிருக்கணும்.

குத்தினதும் அவன் அழலை. விரலைப் பார்த்தான், அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். நான் போட்ட சத்தத்துலதான் அழ ஆரம்பிச்சான். அந்த ஒரு நொடிதான் எனக்கு மறக்க மாட்டேங்குது. பிளாஸ்க்ல சுடுதண்ணி இருந்ததால பச்சைத்தண்ணி கலந்து விரலை முக்கி வெச்சுட்டே டாக்டர்கிட்ட ஓடினோம். முள்ளு உள்ள ஒடியலை.

ஈயக்குண்டு:
முதல்ல எழுதினவருக்கு: தப்பா எடுத்துக்காதீங்க, அது ஏமாத்து வேலை. பிள்ளைக்கு மீன் கிடைக்கலைன்னா கிடைக்கலை. அதுவும் தூண்டில்தான்.

என் கதை சின்னது. ராடைப் பின்னால கொண்டுபோய் வீசினேன், எடைக்குக் கட்டின ஈயம் போகலை, திரும்பிப் பார்த்தா என் பையன் தொப்பி முள்ளுல தொங்குது. தொப்பிக்கும் கண்ணுக்கும் நாலு விரக்கடை.

அதனால கொஞ்சம் சொல்றேன். முதல் தடவைக்கு ரீலே வேண்டாம், 2 மீட்டருக்குக் கழி, நுனியில தங்கூஸ், ஒரு தக்கை, ஒரே ஒரு சின்ன முள்ளு, போதும். வீசற வேலையே இல்லை. முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கற கூரைக் குறடால நசுக்கிடுங்க. மீன் ஒண்ணு ரெண்டு தப்பிக்கும், தப்பிக்கட்டும். சதையில ஏறினாலும் சுளுவா வந்துடும். நசுக்காத முள்ளு ஆழமா ஏறிட்டா இழுக்காதீங்க, தங்கூஸை வெட்டிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணுகிட்டன்னா தொடவே கூடாது. ஈயத்தைப் பல்லால கடிச்சு இறுக்கற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு, பிள்ளை பார்த்துட்டு அதையே செய்யும், ஈயம் பிள்ளைங்க உடம்புக்கு விஷம். பாறையில நின்னா லைஃப் ஜாக்கெட். அலைக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கக் கூடாது. இடி கேட்டா ராடைக் கீழ வெச்சுட்டுக் கிளம்புங்க, கார்பன் ராடுல மின்சாரம் பாயும். மீனைத் திரும்ப விடறதா இருந்தா கையை நனைச்சுட்டுத் தொடுங்க, காஞ்ச கையில அதோட வழுவழுப்பு உரிஞ்சுடும். அப்புறம்

(விட்டுப்போச்சு) கூளிங் கிளாஸ். வெயிலுக்கு இல்லை, முள்ளுக்கு.

பழைய தக்கை:
ஈயக்குண்டு தம்பி, கேட்டது அனுபவம். நீங்க பாடம் எடுத்துட்டீங்க. ஆனா ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்க, அதுதான் என் கதை.

பேரனுக்கு 4 வயசு. முழங்கால் ஆழம்கூட இல்லாத இடம். மாட்டினது பேத்தை. கரைக்கு வந்ததும் பந்து மாதிரி ஊதிக்கிச்சு. இவனும் கன்னத்தை உப்பிக்கிட்டு அது எதிர்ல உட்கார்ந்துட்டான். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துட்டு இருந்த அழகை என்ன சொல்ல. விரலை வாய்கிட்ட கொண்டுபோக விடலை, அது பல்லு அலகு மாதிரி, தங்கூஸையே கத்தரிச்சுடும். வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னு அடம். விஷ மீன்டா, வேக வெச்சாலும் அந்த விஷம் சாகாதுன்னு சொல்லித் தண்ணியில விட்டேன்.

அவன் அது பின்னாலேயே போயிட்டான்.

அவன் கையைப் பிடிச்சிருக்கேன்னு நினைச்சுட்டு நிக்கறேன். குனிஞ்சு பார்த்தா என் கையில இருந்தது ராட். தலையைத் தூக்கறதுக்குள்ள தண்ணி அவன் இடுப்புக்கு வந்தாச்சு, அலை திரும்பி இழுக்குது. ரெண்டே எட்டுதான், பிடிச்சுட்டேன். ஒரு செருப்பு போச்சு. வீட்ல செருப்பு தொலைஞ்ச கதையை மட்டும் சொன்னேன். இங்கதான் முழுசா எழுதறேன்.

புழு டப்பா:
எங்க ஆளு புழுவுக்கெல்லாம் பேர் வெச்சுட்டான். அதோட தூண்டில் முடிஞ்சது.

கெளுத்திக்குச் சுடுதண்ணியா? வீங்கினா ஐஸ்தானே வைப்பாங்க?

ரெண்டு வாளி:
ஐஸ் இல்லைங்க. கெளுத்தி விஷம் சூட்டுலதான் அடங்கும். 45 டிகிரிக்கு மேல போகாம, பொறுக்கற சூட்டுல அரை மணியிலேர்ந்து ஒன்றரை மணி வரைக்கும் முக்கி வைக்கணும். குத்தின விரலுக்குச் சூடு சரியாத் தெரியாது, வெந்துடும். நம்ம கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் பிள்ளை கையை விடணும்.

பழைய தக்கை ஐயா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழ வெச்சுட்டேன்.

கரையோரம்:
ஈயக்குண்டு சார், ஏமாத்து வேலைதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு மணி நேரம் சும்மா நின்ன பிள்ளை முகத்தைப் பார்த்திருந்தா நீங்களும் செஞ்சிருப்பீங்க.

போன வாரம் மறுபடியும் போனோம். இப்போ 7 வயசு. போனதும் அவ ராடை என்கிட்டேர்ந்து நாலு எட்டு தள்ளி நட்டுக்கிட்டா. "நான் கூப்பிட்டாதான் வரணும்"னா. ரெண்டு மணி நேரம். கூப்பிடவே இல்லை. என் ராடுல மூணு விழுந்துச்சு, அந்தப் பக்கம் திரும்பாம கழட்டி வாளியில போட்டேன். ராத்திரி பாட்டிக்கு அவளே போன் போட்டு, "இன்னிக்கு நான் ஒண்ணுமே பிடிக்கலை"ன்னா. என்ன ஒரு குஷி குரல்ல!

ஈயக்குண்டு:
ரெண்டு மணி நேரத்துல ஒரு கொத்துகூட இல்லையா? அவளுக்கு இரை என்ன போட்டீங்க?