சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு என்ன விலை வைப்பது?

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அம்மாவின் வீட்டை விற்க வேண்டியிருக்கிறது. 1960களில் கட்டியது, பக்கத்து வீட்டோடு ஒரே சுவர், பின்னால் அப்பா சேர்த்த இரண்டு அறை, கொல்லையில் கறிவேப்பிலை மரம். ஏஜென்ட் சொல்லும் விலை ரொம்பக் குறைவாகப் படுகிறது. நகராட்சி போட்ட மதிப்பு வரிக்கானது, விளம்பரத்தில் இருப்பதோ கேட்கும் விலை. எனக்கு வேண்டியது பத்திரத்தில் பதிவான விலைதான். அதனால் பேவியூ, வெஸ்ட்கிளிஃப் பக்கம் கடந்த ஓராண்டில் இதே மாதிரி வீடு விற்றவர்களோ வாங்கியவர்களோ இருந்தால், எத்தனை ரேண்டுக்கு முடிந்தது, மனை எவ்வளவு, கூடுதல் அறைகளுக்கு அனுமதி பெற்ற பிளான் இருந்ததா என்று சொல்லுங்கள். அப்புறம், எங்களிடம் அந்தப் பிளான் இல்லை. அதற்காக விலையில் எவ்வளவு கழிப்பார்கள்?