உள்ளூர்க் காபி லிக்யூர்: காபியா, பாகா?

கசப்புப் பிரியன்:
உள்ளூரில் சிறிய அளவில் தயாராகும் காபி லிக்யூர், அதாவது காபி சேர்த்த இனிப்பு மது, ஒரு பாட்டில் கைக்கு வந்தது. மூடியைத் திருகும்போதே நறநறத்தது. கழுத்தைச் சுற்றிச் சர்க்கரை உறைந்து படிந்திருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மணத்தில் குறையில்லை, அப்போதுதான் அரைத்த தூள் போல. வாயில் விட்டால் முதலில் பாகு, அடுத்து வெண்ணிலா, மறுபடியும் பாகு. ‘அசல் காபி’ என்று லேபிளில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கொட்டை அந்த எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது.

பாகுபதம்:
லிக்யூரை வாங்கிவிட்டு இனிக்கிறது என்று புகார் சொல்கிறீர்களே, கடலில் குளித்துவிட்டு உப்புக் கரிக்கிறது என்பீர்களா? ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொதுவாக லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரையும் 15 சதவீத ஆல்கஹாலும் இருந்தால்தான் அந்தப் பெயரையே போடலாம். 1936இல் மெக்சிகோவில் பிறந்த கலுவா என்ற காபி லிக்யூரும் ரம், காபி, சர்க்கரை என்ற கூட்டணிதான். சர்க்கரையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காபி ஊறிய சாராயம். அது சரி, எப்படிக் குடித்தீர்கள்?

கசப்புப் பிரியன்:
ஐஸ் இல்லாமல், எதுவும் கலக்காமல். ‘குறைந்தது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? அது கீழ்வரம்பு. இங்கே குவளையைச் சாய்த்தால் திரவம் இறங்குவதற்குள் ஒரு கொட்டாவி விட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவின் மிஸ்டர் பிளாக்கும் லிக்யூர்தான். குளிர்நீரில் ஊறிய காபியை முன்னால் நிறுத்தித்தான் அது பெயர் வாங்கியது.

ஊறல் ஜாடி:
நடுவில் நுழைகிறேன், கோபிக்க வேண்டாம். வீட்டில் ஐந்தாறு முறை செய்து பார்த்தவன். சர்க்கரையைத் திட்டுவதற்கு முன் காபியை எப்படி இறக்கினார்கள் என்று பாருங்கள். என் முதல் ஜாடியில் கறுக்க வறுத்த கொட்டையை உடைத்துப் போட்டு, பத்து நாள் வோட்காவில் ஊறவிட்டேன். திறந்தபோது மணம் ஆளைத் தூக்கியது. குடித்தால் மரப்பட்டையை மென்றதுபோல் அடிநாக்கெல்லாம் துவர்ப்பு. ஆல்கஹால் நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்காது. மணத்தைச் சுமக்கும் எண்ணெயோடு கசப்பையும் இழுத்துக்கொண்டு வரும். துவர்ப்பை அமுக்கச் சர்க்கரை போட்டேன். அது திகட்டியது, வெண்ணிலா சேர்த்தேன். கடைசியில் நீங்கள் வர்ணிக்கும் அதே பானம்!

அடுத்த ஜாடியை 24 மணி நேரத்தில் வடித்தேன், பாதிச் சர்க்கரையே போதுமானதாக இருந்தது. இப்போதெல்லாம் கரகரப்பாக அரைத்த தூளைக் குளிர்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடித்த பிறகே வோட்காவைச் சேர்க்கிறேன். மணம் ஒரு படி குறைவு, நாக்குக்கு நிம்மதி. உங்கள் பாட்டிலை ஒரு ஸ்பூன் எடுத்து, அதே அளவு தண்ணீர் விட்டுப் பாருங்கள். இனிப்பு இறங்கியதும் பின்னால் ஒளிந்திருப்பது வெளியே வரும்.

பாகுபதம்:
ஜாடிக்காரர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் இந்தப் பானத்தைத் தனியாகக் குடிப்பதற்காக மட்டும் யாரும் செய்வதில்லை. குளிர்ந்தால் இனிப்பு மட்டுப்பட்டுத்தான் தெரியும், அதனால்தான் ஐஸ். 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற பார்டெண்டர் உருவாக்கிய எஸ்பிரெசோ மார்ட்டினி காக்டெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வோட்காவின் காரத்துக்கும் எஸ்பிரெசோவின் கசப்புக்கும் நடுவே லிக்யூரின் இனிப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. அதில் கசப்பான லிக்யூரை ஊற்றினால் முகம் கோணும்.

அரைக் கோப்பை:
ஒரு பாட்டிலுக்காக மூன்று பேர் மல்லுக்கட்டுகிறீர்கள், குடித்தவர் ஒருவர்தான்! தம்பி கசப்பு, லேபிளின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? காபி என்று போட்டிருக்கிறதா, காபிச் சுவையூட்டி என்றா?

கசப்புப் பிரியன்:
படித்தேன் அக்கா. தண்ணீர், சர்க்கரை, ஸ்பிரிட், நான்காவதாகக் காபிச் சாறு, அதற்குப் பின்னால் சுவையூட்டி. இரண்டும் உண்டு.

தண்ணீர்ச் சோதனையும் ஆயிற்று. காபி வந்தது, மறைக்கவில்லை. கருகலும் கூடவே வந்தது. ஜாடிக்காரர் சொன்ன அதே மரப்பட்டை. கொட்டையை அளவுக்கு மீறி வறுத்திருக்கிறார்கள் அல்லது அளவுக்கு மீறி ஊறவிட்டிருக்கிறார்கள். தப்பை மூடத்தான் அவ்வளவு பாகு.

பாகுபதம்:
ஐஸ்?

கசப்புப் பிரியன்:
ஐஸில் நன்றாகவே இருந்தது அண்ணா. முதல் ஐந்து நிமிடம். மீதியை வெண்ணிலா ஐஸ்கிரீம்மேல் ஊற்றினேன், ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

பாகுபதம்:
ஐஸ்கிரீம்மேல் ஊற்றினீர்களா? அப்படியென்றால் அது பாகுதான். போங்கள்.